கேமில் ஸ்கின் விற்பது நியாயமா?

தேவகோட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகன், திருவிழாவுக்கு அப்பத்தா கொடுத்த பணத்தைப் போட்டு செல்போன் கேமில் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கின், அதாவது அதன் தோற்றத்தை மாற்றும் ஓர் உடை, வாங்கியிருக்கிறான். கேட்டால், "இது அழகுக்குத்தாம்மா, ஆட்டத்துல எதுவும் மாறாது, யாருக்கும் நஷ்டமில்ல" என்கிறானாம். அவன் சொல்வது உண்மையா, இப்படி விற்பது ஆடுகிற பிள்ளைகளுக்கு நியாயமா என்பது அவர் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காசு கொடுத்தவனுக்கு ஆட்டத்தில் கூடுதல் பலம் கிடைக்கிறதா என்பது ஒன்று, காசு கொடுத்தவனிடம் வியாபாரம் நேர்மையாக நடந்ததா என்பது இன்னொன்று. எல்லோரும் முதல் கேள்விக்குத்தான் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம், அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் கடைப்பகுதியைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் பல வருடம் இருந்தேன். எந்த உடைக்கு என்ன விலை, எத்தனை நாள் கடையில் இருக்கும், வாங்கும் பட்டன் திரையில் எங்கே வரும் என்று முடிவு செய்வதுதான் வேலை. இப்போது காரைக்குடியில் வீட்டிலிருந்தபடி அதே வேலையை வெளியூர்க் கம்பெனிகளுக்குச் செய்கிறேன். அதனால் இந்தக் கடைகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பது எனக்கு நேரடியாகத் தெரியும். சட்டமும் மனநலமும் என் துறை இல்லை, அந்தப் பக்கம் போகும்போது பொதுவில் பதிவான விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மகன் சொன்னது. "அழகுக்கு மட்டும்" என்பது எந்த கேம் என்பதைப் பொறுத்தது. பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயில் துப்பாக்கி ஸ்கின் எவ்வளவு மினுங்கினாலும் குண்டின் வலு மாறாது, அங்கே அவன் சொல்வது சரி. ஃப்ரீ ஃபயர் என்றால் சரியில்லை. அதில் பல துப்பாக்கி ஸ்கின்களுக்குப் பக்கத்திலேயே டேமேஜ் கூடும், சுடும் வேகம் கூடும், ரீலோடு வேகம் குறையும் என்று கூட்டல் கழித்தல் குறி போட்டுக் காட்டியிருக்கும். பையன்கள் தங்களுக்குள் ரூம் போட்டு ஆடும்போது "கன் பிராப்பர்ட்டி ஆஃப்" என்று முதலிலேயே பேசிக்கொள்வது இதனால்தான். காசு போட்டு வாங்கிய துப்பாக்கிக்குக் கூடுதல் பலம் உண்டு என்று பிள்ளைகளுக்கே தெரியும், அதை ஒதுக்கிவைத்து ஆட அவர்களே ஒரு விதியும் வைத்திருக்கிறார்கள். மகனை அந்த ஸ்கின்னை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் அந்தக் குறிகள் இருந்தால் அது அழகுச் சாமான் இல்லை, பலத்தைக் காசுக்கு விற்றிருக்கிறார்கள். அதை நியாயம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

குறி எதுவும் போடாமலே பலம் தருகிற உடைகளும் உண்டு. கால் ஆஃப் டியூட்டி வார்சோனில் ரோஸ் என்ற பாத்திரத்துக்கு முழுக்கக் கறுப்பாக ஓர் உடை வந்தது. அதைப் போட்டுக்கொண்டு இருட்டு மூலையில் நின்றால் எதிராளிக்குக் கண்ணிலேயே படாது. பேருக்கு அழகு, பலனோ மறைவு. ஆடுகிறவர்கள் ரொம்ப நாள் கத்திய பிறகுதான் அந்த உடையின் நிறத்தைக் கொஞ்சம் வெளிற வைத்தார்கள். ஆக "வெறும் உடை" என்று கம்பெனி சொன்னவுடன் நம்பிவிட முடியாது, ஆடிப் பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இந்த "அழகு மட்டும்" என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் பெதஸ்டா கம்பெனி தன் ஒப்லிவியன் விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக்குள் இன்னொரு கடையா என்று அப்போது ஊரெல்லாம் திட்டியது, இன்றைக்கும் இந்த வியாபாரத்தைப் பற்றிப் பேசினால் அந்தக் குதிரைக் கவசம் வந்துவிடும். அப்புறம் 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 வந்தது. அதில் அதிர்ஷ்டப் பெட்டி, அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பெட்டி, வாங்கினால் ஆட்டத்தில் பலமே கூடும். எதிர்ப்பு தாங்க முடியாமல், விளையாட்டு வெளியாகும் நேரத்தில் அந்த விற்பனையையே நிறுத்தினார்கள், அடுத்த வருடம் திரும்பக் கொண்டுவந்தபோது உடைகளுக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். அதாவது அழகை மட்டும் விற்பது என்பதே, ஆடுகிறவர்கள் சண்டை போட்டு வாங்கிய ஒரு சமரசம். அந்த அளவில் அதை நான் மதிக்கிறேன். இலவசமாக இறக்கி ஆடும் கேமுக்கு சர்வர் செலவு, புது மேப், ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்கும் வேலை எல்லாம் இருக்கிறது. ஸ்கின் வாங்குகிற கொஞ்சம் பேர்தான் வாங்காத மற்ற எல்லோருக்கும் சேர்த்துச் செலவைச் சுமக்கிறார்கள். உடையில் உண்மையிலேயே பலம் எதுவும் இல்லையென்றால், காசு கொடுக்காத பிள்ளைக்கு இதில் அநியாயம் எதுவும் நடக்கவில்லை.

ஒரே ஒரு விஷயம் இடிக்கிறது. ஸ்கின் இல்லாமல், கேம் கொடுத்த அதே சட்டையோடு வருகிற பையனை மற்ற பையன்கள் மட்டமாகப் பார்க்கிறார்கள். ஃபோர்ட்நைட்டில் "டீஃபால்ட்" என்பதே ஒரு வசவாகிவிட்டது. ஆட்டத்தில் தோற்காத பையன் வகுப்பில் தோற்கிறான். இதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது, ஆனால் ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமே இல்லை. ஸ்கின் கேட்டு அடம்பிடித்தான் என்றால் பெரும்பாலும் பின்னால் இதுதான் இருக்கும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "இல்லாத சட்டைக்கு எதுக்குக் காசு" என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. நம்ம பக்கத்து ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் மேல் வர்ணத்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல். பூ வரைந்த கல் போட்டதால் வீடு கூடுதலாக ஒரு வருடம் நிற்காது, வெறும் சிமெண்டுத் தரையிலும் நடக்கலாம். ஆனாலும் வளவில் பதிக்க ஆசைப்பட்டு வாங்குகிறோம், யாரும் அதை ஏமாற்று என்று சொல்வதில்லை. ஏன்? பட்டறைக்குப் போனால் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். சதுர அடி என்ன விலை என்று கேட்டால் ரூபாயில் சொல்வார்கள். இன்றைக்கு வேண்டாம், அடுத்த மாதம் வருகிறேன் என்று திரும்பியும் வரலாம். அதே பட்டறையில், "கல்லுக்கு விலை ரூபாயில் இல்லை, எங்கள் கடை டோக்கனில் 1,200 வில்லை, முதலில் 500 வில்லை கொண்ட கட்டோ 1,000 வில்லை கொண்ட கட்டோ வாங்குங்கள், இன்னும் ஆறு மணி நேரத்தில் இந்தப் பூ கிடைக்காது, அப்புறம் எந்தப் பூ வரும் என்பது பெட்டியைத் திறந்தால்தான் தெரியும்" என்று சொன்னால் அங்கே ஒரு நிமிடம் நிற்போமா? கேம் கடைகளில் பாதி இப்படித்தான் நடக்கிறது. அழகை விற்பதில் எனக்குக் குறை இல்லை, அதை விற்கும் விதத்தில்தான் இருக்கிறது.

வில்லைக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கேம் கடையின் இந்த வில்லைக்கு டைமண்ட், யூசி, காயின் என்று ஒவ்வொரு கேமும் ஒரு பேர் வைத்திருக்கிறது. எண்களை ஓர் உதாரணத்துக்கு நானே வைத்துக்கொள்கிறேன். 500 காயின் 450 ரூபாய், 1,000 காயின் 850 ரூபாய், ஸ்கின் 1,200 காயின். பையன் இரண்டு கட்டும் வாங்க வேண்டும், ஆக 1,300 ரூபாய். ஸ்கின் வாங்கியது போக 300 காயின் மீதி நிற்கும். அதற்கு உருப்படியாக ஒன்றும் வராது, திருப்பிக் கொடுத்துப் பணமாகவும் வாங்க முடியாது. அடுத்த ஸ்கின்னுக்கு இன்னும் 900தான் வேண்டும், ஆனால் 900 கட்டு கிடையாது, 1,000 வாங்கு. இப்போது 100 மீதி. இந்த மீதி தற்செயலாக வருவதில்லை. கட்டுகளையும் விலைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கையில் எவ்வளவு தங்கும் என்று பார்த்தே விலை வைப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். கையில் கொஞ்சம் இருக்கிறது என்ற நினைப்பே அடுத்த டாப்அப்புக்கு இழுக்கும். இன்னொன்று, ரூபாய் ஒருமுறை காயினாக மாறிவிட்டால் செலவு செய்கிற கைக்கு வலி தெரியாது. 1,300 ரூபாய் என்று எழுதியிருந்தால் யோசிக்கிற பையன், 1,200 என்று ஒரு சின்ன வைரப் படத்தோடு பார்த்தால் அமுக்கிவிடுவான். ஐரோப்பாவில் 2025 மார்ச்சில் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து, காயினில் விலை போட்டாலும் நிஜப் பணத்தில் எவ்வளவு என்று தெளிவாகக் காட்ட வேண்டும், வேண்டாத அளவுக்குக் காயினை வாங்க வைக்கக் கூடாது என்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டன. நம் ஊரில் உடனடியாக வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். செய்வது கஷ்டமே இல்லை, கடைத் திரையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அடுத்தது அந்த ஓடும் கடிகாரம். ஸ்கின் படத்துக்கு மேலே மணி, நிமிடம், நொடி குறைந்துகொண்டே வரும். சில சமயம் அது உண்மை, சில சமயம் அதே ஸ்கின் அடுத்த வாரம் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் 2024 மே மாதத்தில் ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் கம்பெனிக்கு 11 லட்சத்து 25 ஆயிரம் யூரோ அபராதம் போட்டது இதற்காகத்தான். கடிகாரம் முடிந்த பிறகும் பல பொருட்கள் கடையில் இருந்தன, குழந்தைகளை "இப்போதே வாங்கு" என்று நெருக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனி அதை ஏற்கவில்லை, மேல்முறையீடு செய்வதாகச் சொன்னது. அதற்கு முன்னால், 2022 டிசம்பரில், அமெரிக்காவின் வர்த்தக ஆணையத்தோடு அதே கம்பெனி ஒரு சமரசத்துக்கு வந்தது. அதில் 24.5 கோடி டாலர், தெரியாமல் வாங்க வைக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. பட்டன்களைக் குழப்பமாக வைத்திருந்தார்கள், திரை தூக்கத்திலிருந்து எழும்போது ஒரு பட்டனை அழுத்தினாலே பணம் போனது என்பது ஆணையத்தின் புகார். அந்த கேமில் விற்றது பெரும்பாலும் உடையும் நடன அசைவும்தான், ஆட்டபலம் இல்லை. "அழகுக்குத்தானே" என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது அதிர்ஷ்டப் பெட்டி. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் 2013லிருந்து இது இருக்கிறது. பெட்டி கையில் இருக்கும், திறக்கிற சாவி 2.49 டாலர். உள்ளே கத்தி வருமா, சாதாரணத் துப்பாக்கி ஸ்கின் வருமா என்பது அதிர்ஷ்டம். சீனா 2017இல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடச் சட்டம் போட்டதால் அந்த எண்கள் வெளியே வந்தன. கத்தி போன்ற அபூர்வப் பொருள் கிடைக்கும் வாய்ப்பு 0.26 சதவீதம். சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று, சாவிக்கே கிட்டத்தட்ட 960 டாலர் ஆகிவிடும். நூறு பெட்டி திறந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தேழு பேர் கத்தி இல்லாமல்தான் திரும்புவார்கள். திரையில் படங்கள் ஓடி வரும், வேகம் குறையும், கத்தி முள்ளுக்குப் பக்கத்தில் வந்து நூலிழையில் தாண்டிப் போகும். பார்க்கிற பையன் "ச்சே, கொஞ்சத்துல போச்சு" என்பான். கொஞ்சத்தில் போகவே இல்லை. என்ன கிடைக்கும் என்பது பெட்டியைத் திறக்கச் சொன்ன நொடியிலேயே முடிவாகிவிட்டது, படம் ஓடுவது அதற்குப் பிறகு காட்டுகிற காட்சி. அந்த ஓட்டம் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும், எங்கே மெதுவாக வேண்டும் என்பதற்கெல்லாம் ஆள் வைத்து வேலை பார்ப்பார்கள். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் ஃபிஃபா 18, கவுண்டர் ஸ்ட்ரைக், ஓவர்வாட்ச் மூன்றின் பெட்டிகளும் தங்கள் சட்டப்படி சூதாட்டம் என்றது. இதில் ஓவர்வாட்ச் பெட்டியில் இருந்தது முழுக்க முழுக்க அழகுச் சாமான். ஆட்டத்தை மாற்றாத பொருள் என்பதால் அதை விற்கும் முறை சூதாட்டம் இல்லை என்று ஆகிவிடாது.

இந்தப் பெட்டிகளால் பிள்ளைகள் பின்னாளில் சூதாடிகளாக ஆவார்களா என்று கேட்டால் ஆமாம் என்று நான் சொல்ல மாட்டேன். பெட்டிக்கு அதிகம் செலவு செய்கிறவர்களிடம் சூதாட்டப் பிரச்சினையும் அதிகம் தென்படுகிறது என்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. ஆனால் பெட்டி சூதுக்கு இழுக்கிறதா, ஏற்கெனவே அந்த இழுப்பு உள்ளவர்கள் பெட்டியையும் தேடி வருகிறார்களா என்பது இன்னும் தீராத விவாதம். பயமுறுத்தி எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறார்கள், கம்பெனிக்காரர்களோ தீரவில்லை என்பதையே காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு இரண்டும் உடன்பாடில்லை. விலை தெரியாமல் ஒரு பொருளைப் பிள்ளையிடம் விற்காதே என்று சொல்ல ஆய்வு முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்கிய ஸ்கின் அவனுக்குச் சொந்தமா என்றால், இல்லை. பயன்படுத்திக்கொள்ள அனுமதி, அவ்வளவுதான். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை இந்தியாவில் தடை செய்தபோது வாங்கிய உடையெல்லாம் என்ன ஆகும் என்று எத்தனையோ பேர் தவித்தார்கள். அடுத்த வருடம் பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தது அந்தக் கம்பெனியின் விருப்பம், ஆடுகிறவரின் உரிமை என்று யாரும் சொல்லவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது கொஞ்சம்தான். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாங்குகிறவரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளில் 13 வகைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. இல்லாத அவசரத்தை உண்டாக்குவது அதில் ஒன்று. பொய்க் கடிகாரம் அதற்குள் வரும் என்பது என் வாசிப்பு. 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி 1903லேயே அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொல்லிவிட்ட விஷயம், ஆனால் பணம் போனது பெரியவர் கணக்கிலிருந்து என்றால் அதைக் காட்டித் திரும்ப வாங்குவது அவ்வளவு எளிதில்லை. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்கிறது. பணமாக மாற்ற முடியாத ஸ்கின் பெட்டி அதில் சேருமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வீட்டில் செய்ய வேண்டியது. பையனைத் திட்டுவதற்கு முன்னால் அவன் என்ன வாங்கினான் என்று கேளுங்கள். பொருளைப் பார்த்து, விலை தெரிந்து, ஆசைப்பட்டு நேரடியாக வாங்கியிருந்தால், கையில் கொடுத்த பணத்தில் சட்டை எடுத்த மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஸ்பின், பெட்டி, லக்கி என்று ஏதாவது பேர் வந்தால் எத்தனை முறை சுற்றினான் என்று கேட்டு, மேலே நான் போட்ட கணக்கை அவனோடு உட்கார்ந்து பேப்பரில் போடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சதவீதம் நன்றாகப் புரியும், தான் ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்தால் அம்மா சொல்வதைவிட வேகமாக விலகுவான். இனிமேல் வாங்குவதென்றால் முதல் நாள் சொல்லி மறுநாள் வாங்கலாம் என்று ஒரு வழக்கம் வையுங்கள். கடிகாரத்தின் பிடி அதிலேயே பாதி விட்டுப்போகும்.

போனில் பிளே ஸ்டோருக்குள் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள், சேமித்து வைத்த கார்டை எடுத்துவிடுங்கள், யுபிஐ பின் நம்பர் அவனுக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பையன்கள் ரீசார்ஜ் கடையில் ரொக்கம் கொடுத்து டாப்அப் கோடு வாங்குவதும் உண்டு, அதை எந்த செட்டிங்கும் தடுக்காது, அதனால் அவனிடம் பேசி வைப்பதுதான் வழி. இலவச டைமண்ட் தருகிறேன் என்று லாகின் கேட்கும் பக்கங்கள் முழுக்கத் திருட்டு, அதையும் சொல்லி வையுங்கள். பிளே ஸ்டோர் வழியாக வாங்கி 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுளிடமே பணம் திரும்பக் கேட்கலாம், அதற்கு மேல் ஆகிவிட்டால் கேம் கம்பெனிக்கு எழுத வேண்டும். அவர்கள் பதில் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். எங்கே கேட்டாலும் ஆர்டர் எண் கேட்பார்கள். அது ஜிபிஏ என்று தொடங்கும், வாங்கிய கணக்கின் மின்னஞ்சலுக்கு ரசீதோடு வந்திருக்கும், அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள்.